குதிகால் அறுத்த செருப்பு

எங்கள் மாட்டுக்கொட்டத்தின் மேற்குச் சுவரில், நுகத்தடி சாத்தியிருக்கும் மூலைக்கு மேலே, ஓர் ஆணியில் ஒரு ஜோடிச் செருப்பு தொங்குகிறது. லாரி டயரில் அடி, எருமைத்தோலில் வார். இரண்டிலும் குதிகால் இருக்க வேண்டிய இடத்தை யாரோ சதுரமாக அறுத்து எடுத்திருக்கிறார்கள். முன்பாதம் மட்டும் மிச்சம். அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. தூக்கி எறியவும் யாருக்கும் மனசு வரவில்லை. வெள்ளையடிக்க வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிக் கீழே வைக்கிறார்கள், சுவர் காய்ந்ததும் யாரையும் கேட்காமலே பழைய ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் அறை. அந்தச் செருப்பை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நிம்மதி. ஒரு பெரிய மழை நம் வீட்டை விட்டுவிட்டு அடுத்த மலைக்குப் போன பிறகு முற்றத்தில் நிற்கும்போது வருகிற மாதிரியான நிம்மதி.

செருப்புக்குச் சொந்தக்காரர் என் வீட்டுக்காரரின் அண்ணன். கல்யாணமாகி அனுமந்தன்பட்டிக்கு வந்த நாளிலிருந்து அவரைப் பெரியவுக என்றுதான் சொல்லி வருகிறேன். அதுவும் அவரிடம் அல்ல, அவரைப் பற்றி மற்றவர்களிடம். எங்கள் வீட்டு வழக்கத்தில் தம்பி பெண்டாட்டியும் மூத்தவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அவர் வருகிறார் என்றால் நான் எழுந்து உள்ளே போய்விட வேண்டும். அவர் வருவதை எனக்குச் சொன்னது அந்தச் செருப்புதான். பெரியவுக கொஞ்சம் குள்ளம். அந்தக் குறையை உத்தமபாளையத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி, குதிகாலுக்கு மட்டும் டயரை இரண்டு அடுக்காக வைத்துத் தைத்து வாங்கியிருந்தார். தெரு முனையிலேயே அதன் தடக், தடக் கேட்கும். நான் எடுத்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்துகொள்வேன்.

பேசியே ஆக வேண்டிய காரியம் இருந்தால் நான் சுவரிடம் சொல்வேன். அவர் கொட்டத்தில் நிற்கும் மயிலைக் காளையிடம் சொல்வார். "ஏலே மயிலை, பருத்தி விதை தீந்துபோச்சான்னு உள்ள இருக்கவுகளக் கேளு." "நேத்தே தீந்துருச்சுன்னு சொல்லு சுவரே." வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இருந்ததில்லை. சுவரிடம் சொல்லும்போது சில உண்மைகள் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட எளிதாக வரும். இன்றைக்கு நான் எழுதுகிற எழுத்துகூட ஒரு விதத்தில் சுவரிடம் சொல்வதுதான். அந்தப் பக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற தைரியத்தில் சொல்வது.

கொட்டத்தில் மாடுகளுக்கு நடுவே ஒரு கார் நின்றது. மேகமலைப் பக்கத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார். துணிக்கூரை, நான்கு பக்கமும் மலைப்பாதையில் உரசிய கீறல். பெரியவுக அதை வாங்கி வந்தபோது ஊரே சிரித்ததாம். சம்சாரிக்குக் கார் எதற்கு, வைக்கோல் தின்னுமா, கன்று போடுமா என்று கேட்டார்களாம். அவரும் சளைக்காமல் வாயடித்திருக்கிறார். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வண்டிச் சக்கரத்தைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் தன்னைவிடத் தெரிந்தவர் இல்லை என்பார். கார் என்பதும் சக்கரம் உள்ள வண்டிதானே என்பார். ஏன் வாங்கினார் என்பது மட்டும் அந்த வாயடியில் வராது. அதை எனக்குச் சொன்னவர் என் மாமியார், நான் படுத்த படுக்கையாக இருந்த அந்த நாட்களில்.

யுத்த காலம். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்து கிழக்கே எங்கோ இருந்தார். நான் ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, வலி ஒன்றும் இல்லாமல், புடவையில் ரத்தம் பட்டது. உத்தமபாளையத்திலிருந்து நர்சம்மா வந்து பார்த்தார். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, என்னை அதில் படுக்க வைத்துவிட்டு, என் மாமியாரை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். வெளியே என்பது கொட்டம்தான். சுவர் எனக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"நஞ்சுக்கொடி கீழ கெடக்கும்மா. பிள்ளைக்கு முன்னால அது வழிய மறிச்சுக்கிட்டு இருக்கு. இங்கன வச்சுப் பாக்க முடியாது. ரத்தம் நின்னு ஒரு வாரம் போல ஆகட்டும், மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. ஆட்டாமக் கொண்டு போகணும். குலுங்குச்சுன்னா ரெண்டு உசுரும் நம்ம கையில இல்ல."

ஆட்டாமல் எப்படிக் கொண்டு போவது? ரயில் என்றால் தேனி வரை போய்விட்டால் போதும், மற்றதைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். ஆனால் போடி ரயில் தண்டவாளத்தைச் சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பஸ் கரியடுப்பில் ஓடியது; ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். மாட்டு வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் உண்டு. பெரியவுகளின் மனைவியை, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகு முன்பு, இதே மாதிரி ஒரு நாளில் மாட்டு வண்டியில் படுக்க வைத்துத் தேனிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ஓட்டியவர் அவர்தான். முன்னால் உட்கார்ந்து மாட்டை விரட்டிக்கொண்டே போனவர், பின்னால் முனகல் நின்றதை நெடுநேரம் கவனிக்கவில்லை. வலி குறைந்து தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறார். அந்த உயிர் சின்னமனூர் தாண்டவில்லை. அந்த வருஷ அறுவடையில்தான் கார் வாங்கியது. "ஊருல என்னமோ சீமான்னு நெனச்சாக," என்றார் மாமியார். "இவன் வாங்குனது காரா? அவ போன வழியில மறுபடி மாடு கட்டக் கூடாதுன்னு வாங்குனது."

ஆனால் அந்தக் காரே ஆடியது. சாலை செய்கிற ஆட்டம் அல்ல. நிறுத்தி வைத்து எஞ்சினை முடுக்கினாலே காய்ச்சல்காரரைப் போல நடுங்கும். கியர்க் கம்பி துள்ளும். கிளட்சை விட்டால் முன்மூடிக்குள் யாரோ உலக்கையால் இடிப்பது போல ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் ராணுவத்துக்குப் போகும் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தார்: "எஞ்சினு அடிரப்பர் ரெண்டும் போயிருச்சு. வந்து மாத்துறேன்." எஞ்சினை வண்டிச் சட்டத்தின் மேல் நேரே வைப்பதில்லை, நடுவில் ரப்பர்க் கட்டைகள் வைத்து, அவற்றின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். எஞ்சினின் உதறலை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். முன்பக்கத்து ரப்பர் நன்றாக இருந்தது. பின்பக்கத்தவை இரண்டும் எண்ணெயில் ஊறி, நசுங்கி, கருப்பட்டிப் பாகு போலாகிவிட்டன. மாற்ற வேண்டியவர் பர்மாப் பக்கத்தில் பட்டாளத்து லாரிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

ஓரிடத்தில் உட்காராத ஜென்மம் நான். சமைக்கும்போதே நாலு தரம் வாசலுக்குப் போய் மேற்கு மலையில் மேகம் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். என்னைப் போய்க் கால் உயர்த்தித் தலை தாழ்த்திப் படு, அசையாதே என்றார்கள். உலகம் ஒரு ஜன்னலாகச் சுருங்கியது. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மரக்கதவு. மேல்பாதியில் கொட்டத்தின் தேக்கு உத்தரமும், அதில் தொங்கும் குளவிக்கூடும், மயிலையின் கொம்பு நுனியும் தெரியும். மற்றதெல்லாம் சத்தம். மாடு அசைபோடுவது ஒரு சத்தம், அதன் மேல் ஈ உட்காரும்போது தோல் சிலிர்ப்பது இன்னொரு சத்தம். உள்ளே பிள்ளை புரளும்போது அதற்கும் ஒரு சத்தம் இருப்பதாகத் தோன்றும். அதை நான் மட்டும் கேட்டேன்.

செருப்பின் தடக், தடக் வந்தது. பழக்கத்தில் முதுகு எழப் பார்த்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏலே மயிலை, எந்திரிக்க வேண்டாமுன்னு சொல்லு. இனிமே எனக்கு எந்திரிக்கவே வேண்டாமுன்னு சொல்லு." அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்று இப்போது படுகிறது. பிறகு அவர் முன்மூடியைத் திறக்கும் ஓசை கேட்டது.

ரப்பர் கிடைக்கவில்லை. தேனி பஜாரிலும் போடி பஜாரிலும் கேட்டதற்குக் கடைக்காரர்கள் சண்டை முடியட்டும் என்றார்கள். குமுளி வழியாக மலையாளத்துக்குப் போய்வரும் ஒரு வண்டிக்காரர் ரப்பர்ப் பால் ஷீட் கொண்டுவருகிறேன் என்று போனார். அது அத்தனையும் சர்க்காருக்குப் போகிறதாம், ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கோடு திரும்பி வந்தார். மாமியார் அதை அவித்து மூன்று வேளையும் போட்டார். பெரியவுக கிழங்கைத் தின்றபடி யோசித்து, தனக்குத் தெரிந்த வித்தைக்கே திரும்பினார். வண்டியில் எது ஆடினாலும் என்ன செய்வது? கட்டை செதுக்கி, ஆப்பு வைத்து, இறுக்கி அடிப்பது. புளியங்கட்டையில் இரண்டு துண்டு செதுக்கினார்.

எஞ்சினைத் தூக்கியது மயிலைதான். கமலை இறைக்கிற வடத்தை உத்தரத்தின் மேல் போட்டு, ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை மயிலையின் நுகத்திலும் கட்டினார். கிணற்றில் தண்ணீர் மேலே வருகிற அளவுக்கு நடந்து, சொன்ன இடத்தில் நின்று பழகிய மாடு அது. போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, "பைய... பைய..." என்றார். வடம் முறுகியது. உத்தரத்திலிருந்து தூசி என் ஜன்னலில் இறங்கியது. எஞ்சின் ஒரு விரல் கனம் எழும்பியது. அந்த இடைவெளியில் அவர் கையை விட்டுப் பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளிருந்து, "ஏலே பெரியவனே, கஞ்சி ஆறுது" என்று கத்த, பதில் சொல்கிற பழக்கத்தில் அவர், "ஏலே மயிலை, இந்தா வாரேன்னு..." என்று ஆரம்பித்துவிட்டார். தன் பெயரைக் கேட்ட மாடு ஓரடி பின்னால் வந்தது. எஞ்சின் தொப்பென்று இறங்கியது. கையை உருவிக்கொண்டார், நகம் மட்டும் போயிற்று. அன்றைக்கு முழுக்க மாட்டிடம் பேச்சை நிறுத்திவிட்டு, எனக்குச் சொல்ல வேண்டியதைக் காரிடமே சொன்னார்.

கட்டை வைத்து, ஸ்பானருக்குக் குழாய் மாட்டி, மூச்சுப்பிடித்து முறுக்கினார். பிறகு சோதனை. என் மாமியாரைப் பின்சீட்டில் படுக்கச் சொன்னார். அவர் என்னைப் போலவே கால் நீட்டிப் படுத்து, "பிள்ளத்தாச்சி மாதிரியே முனகணுமாடா?" என்று கேட்டார். எஞ்சினை முடுக்கினார். உலக்கைச் சத்தம் போய்விட்டது. துள்ளல் இல்லை. ஆனால் வேறொன்று வந்தது. என் கட்டிலின் கால்கள், செங்கல், தலைமாட்டுச் செம்பில் இருந்த தண்ணீர் எல்லாவற்றிலும் ஒரு ரீங்காரம் ஏறியது. செம்புத் தண்ணீர் ஆடவில்லை. கொதிப்பதற்கு முந்தைய உலைபோல முகமெல்லாம் முள் முள்ளாக நின்றது.

"ஆடுதா ஆத்தா?" என்று கேட்டார், பதிலைத் தெரிந்துகொண்டவர் குரலில்.

"ஆடல. ஆனா உடம்பு பூராம் எறும்பு ஊருதுடா. பல்லெல்லாம் கழண்டுரும் போலருக்கு."

"இருக்கதே நாலு பல்லு. அதும் கழண்டா கழறட்டும். ஆடலல்ல? ஆணியடிச்ச மாதிரி நிக்குதல்ல?"

அவருடைய குரலில் இருந்த சந்தோஷம் என்னைப் பயமுறுத்தியது. இவர் இதோடு முடித்துவிடுவார். நாளைக்கே என்னை இதில் ஏற்றுவார். உள்ளே பிள்ளை, எஞ்சின் ஓடிய அந்தக் கொஞ்ச நேரமும் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டு அசையவே இல்லை. எனக்கு எஞ்சினைப் பற்றித் தெரியாது. என் வயிற்றைப் பற்றித் தெரியும். இதற்குள் எதையும் யாரும் ஆணி அடித்து நிறுத்தவில்லை. தண்ணீரில், கொடியில், ஓர் அசைவுக்கு இடம் விட்டுத்தான் அது பத்திரமாக இருக்கிறது. இதை மூத்தவரிடம் எப்படிச் சொல்வது? சுவரைத் தொட்டேன். கையில் இன்னும் அந்த ரீங்காரத்தின் மிச்சம் இருந்தது.

"சுவரே, மயிலைய முளக்குச்சியோட கழுத்து ஒட்டக் கட்டினா அது நிக்குமான்னு கேளு. திமிறித் திமிறி முளயத்தான புடுங்கும்? கயித்துல ஒரு முழம் விட்டுக் கட்டினாத்தான அது பாட்டுக்குப் படுத்து அசைபோடுது? எஞ்சினுக்கும் ஒரு முழம் விடக் கூடாதான்னு கேளு."

மயிலைக்கோ காருக்கோ எந்தச் சேதியும் வரவில்லை. ஸ்பானரை எறிகிற சத்தம் கேட்டது. பிறகு செருப்பு தெருவில் இறங்கிப் போயிற்று. வழக்கத்தைவிட வேகமான தடக், தடக். அவர் கோபித்துக்கொண்டாரா, நான் மீறிவிட்டேனா என்று சாயங்காலம் வரை வெந்துகொண்டிருந்தேன். "அவன் வண்டிச் சக்கரத்தையே குத்தம் சொன்ன மாதிரி ஆயிருச்சு ஆத்தா," என்று மாமியார் சிரித்தார். "ஒரு ராத்திரி சோறு செமிக்காது. அம்புட்டுத்தான்." ஆனால் நான் நினைத்தது சோற்றை அல்ல. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்ததை நான் மாமியாரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலையில் ஜன்னலில் ஒரு முகம். எந்தச் சத்தமும் முன்னால் வரவில்லை. வயலிலிருந்து வந்த முகம், வேர்த்து, மீசையில் வைக்கோல் தூசியோடு. கல்யாணமாகி வந்த இத்தனை காலத்தில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. அவரும் திடுக்கிட்டு விலகினார். பிறகுதான் புரிந்தது. காலில் செருப்பில்லை. கொட்டத்தில் அறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, பழுக்கக் காய்ச்சிய கம்பி ரப்பரைத் துளைக்கும் நாற்றம். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "செருப்ப அறுக்குறான். குதிகால."

கார்ச் சக்கரத்து டயர்கள் பயணத்துக்கு வேண்டும். கூடுதல் டயரும் நூல் தெரியத் தேய்ந்தது, அதுவும் வேண்டும். பள்ளத்தாக்கு முழுக்கத் தேடிய ரப்பர் தன் காலடியிலேயே இருக்கிறது என்று அவருக்கு எப்போது பட்டதோ தெரியாது. கோபத்தில் வேகமாக நடந்தபோது பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். இரண்டு அடுக்குக் குதிகால், உயரத்துக்காகச் சேர்த்து வைத்தது, நசுங்கிப்போன ரப்பர்க் கட்டைக்கு ஏறக்குறையச் சரியான கனம். அடியில் பழைய கமலைத் தோலை விளக்கெண்ணெயில் ஊறவைத்து ஒரு பட்டை கொடுத்துச் சரிசெய்தார். மயிலை மறுபடி நடந்தது. இந்த முறை போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகி விட்டுவிட்டு, எஞ்சினை ஓட விட்டார். அது முதலில் உதறியது, புரண்டது, பிறகு தனக்கு ஒரு வாகு கண்டுபிடித்துக்கொண்டது போல அமர்ந்தது. அதன் பிறகுதான் போல்ட்டுகளை முறுக்கினார். குழாய் மாட்டவில்லை. செம்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே ஒரு வளையம் விரிந்தது, கரையைத் தொட்டது, அவ்வளவுதான். வயிற்றுக்குள் பிள்ளை காலை நீட்டியது.

"ஏலே மயிலை," என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. மாட்டோடு சமாதானம் ஆகியிருந்தார். "ஒரு முழம் விட்டாச்சுன்னு சொல்லு."

மறுநாள் சனிக்கிழமை. மாமியார் குச்சனூர்ச் சனி கோயிலுக்கு எள்ளு விளக்கு நேர்ந்துகொண்டு, சனிக்கிழமை கிளம்ப வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். முன்சீட்டில் ஒன்றைக் கழற்றி, போடி இலவம்பஞ்சில் தைத்த மெத்தையை நீளமாகப் போட்டு என்னைத் தூக்கி வைத்தார்கள். என் காலைத் தன் மடியில் உயர்த்தி வைத்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்தார். அவர்தான் தூது. "ஆத்தா, எப்படி இருக்காக?" என்பார் முன்னால் இருப்பவர். "நல்லாருக்காளாம்" என்பார் பின்னால் இருப்பவர். படுத்தபடி எனக்குத் தெரிந்தது வானமும் புளியமரக் கிளைகளும்தான். கிளைகள் பின்னால் போகும் விதத்தில் ஊர்களை அறிந்தேன். உத்தமபாளையத்தில் ஆற்றுக் காற்று. சின்னமனூர் வந்தபோது நெல் வயலின் ஈர வாசனை வந்தது. முன்னால் இருந்தவர் அந்த ஊரின் வீடுகள் தொடங்கி முடியும் வரை, ஆத்தா எப்படி இருக்காக, எப்படி இருக்காக என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே ஓட்டினார். மாமியார் ஒரு தரம்கூட அலுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். தேனியில் மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு நடுவே நகர்ந்தோம். கடைவீதியில் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னங்க, வெறுங்கால்ல கார் ஓட்டுறீக? குச்சனூர்ல விட்டுட்டு வந்தீகளா?" என்று கேட்டார். ஏழரைச் சனி பிடித்தவர்கள் அந்தக் கோயிலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வருவதுண்டு. "ஆமாய்யா, சனியன அங்கன விட்டுட்டுத்தான் வாரேன்," என்றார் பெரியவுக.

ஆண்டிபட்டிக் கணவாயில் கார் நின்றது.

வளைவு, ஏற்றம், பிறகு ஓர் இறக்கம். கார் ஓரமாக ஒதுங்கி, எஞ்சின் அடங்கியது. சிள்வண்டுகளின் ஓசை திடீரென்று பெரிதாக வந்தது. என்ன ஆயிற்று, ரப்பர் போய்விட்டதா, இந்த மலையில் நான் என்ன ஆவேன் என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டேன். அப்போது முன்னால் இருந்து ஒரு குரல், "ஆத்தா... ஆத்தா..." என்றது. பதில் இல்லை. மறுபடி, "ஆத்தா." என் காலருகே பார்த்தேன். தூது தூங்கிவிட்டிருந்தது. வாய் திறந்து, தலை சாய்ந்து, நாலு பல்லும் தெரிய என் மாமியார் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியவுகளுக்குப் பின்னாலிருந்து பதில் வராமல் எவ்வளவு நேரம் ஆகியிருந்ததோ. அவர் திரும்பவில்லை, கழுத்து மட்டும் விறைத்துப்போய்த் தெரிந்தது. இன்னொரு வண்டியில், இன்னொரு நாளில், பின்னால் சத்தம் நின்றதைக் கேட்காமல் விட்ட கழுத்து அது. மயிலை இல்லை. சுவர் இல்லை.

"தாயி," என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி. "ஒனக்கு ஒண்ணுமில்லல்ல தாயி?"

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். "அத்தை தூங்கிட்டாக. எனக்கே தூக்கம் வருது. நீங்க ஓட்டுங்க."

அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா, மற்றதா என்று நான் பார்க்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, எஞ்சினை முடுக்கும் கம்பியைச் சுழற்றினார். உசிலம்பட்டி தாண்டும் வரை நானும் உண்மையிலேயே தூங்கினேன். தூங்கிக்கொண்டிருந்த இருவரையும் அந்த வண்டி மதுரைக்குக் கொண்டு சேர்த்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண். வழியில் ரத்தம் படாமல் வந்ததுதான் காப்பாற்றியது என்றார்கள். வராந்தாவில் காவல்காரர் வழக்கம் போல, செருப்பை வெளியே விட்டுவிட்டு வாங்க என்றாராம். ஊர் முழுக்க இதையே சொல்றாகளே என்று பெரியவுக அலுத்துக்கொண்டாராம். பிள்ளையைக் காட்டியபோது அவர் தூணைப் பார்த்து, "தாய் எப்படி இருக்குன்னு கேளு" என்றதாக மாமியார் சொன்னார். அதோடு நேர்ப்பேச்சு முடிந்தது. ஊர் திரும்பியதும் சுவரும் மயிலையும் தங்கள் வேலையை எடுத்துக்கொண்டன. யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடினார். ரப்பரை மாற்றவில்லை.

போன மாசியில் காரை இரும்புக்குப் போட்டோம். தேனியிலிருந்து வந்த பழைய இரும்புக்காரர் கொட்டத்திலேயே எஞ்சினைப் பிரித்தார். இப்போது போடிக்கு மறுபடி ரயில் வருகிறது. என் மகள் மதுரைக் கல்லூரியிலிருந்து லீவுக்கு அதில்தான் வந்திருந்தாள். நான் என் அறையில், அதே ஜன்னலுக்கு இந்தப் பக்கம். பெரியவுக வேம்படியில் கயிற்றுக்கட்டிலில். காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்லை.

"என்னங்கய்யா இது, எஞ்சினுக்கு அடியில யாரோ செருப்பக் கழட்டி விட்டுருக்காக," என்றார் இரும்புக்காரர்.

மகள் அந்த இரண்டு கறுப்புத் துண்டுகளையும் வாங்கிப் பார்த்தாள். சுவரில் தொங்கிய செருப்பைப் பார்த்தாள். கழற்றி, வைத்துப் பார்த்தாள். சேரவில்லை. எஞ்சினின் கனத்தில் அவை பரந்து, இறுகி, நடுவில் குழிந்து, வேறொன்றின் பாதத்துக்கு அளவெடுத்தது போலாகிவிட்டன. "பெரியப்பா, இது ஒங்க செருப்பா? ஏன் அறுத்தீக?"

கொட்டத்தில் இப்போது மயிலை இல்லை. ஒரு கன்றுக்குட்டி நிற்கிறது. அவர் அதைப் பார்த்துச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஏலே, உள்ள இருக்கவுகளுக்குத் தெரியும், அவுகளக் கேக்கச் சொல்லு." பிறகு மகளிடம்: "விடு தாயி. இனிமே அது கால்ல சேராது."

கணவாயில் கேட்ட அதே தாயி. நான் சுவரில் கையை வைத்தேன். சுண்ணாம்புக் குளிர்ச்சி, எந்த நடுக்கமும் இல்லை.

"சுவரே," என்றேன், "துண்டு ரெண்டையும் இரும்போட போட்டுறாம எங்கிட்டக் குடுக்கச் சொல்லு. செருப்ப ஆணியிலயே மாட்டச் சொல்லு."

"கன்னுக்குட்டி கேட்டுக்கிருச்சுன்னு சொல்லு," என்றது அந்தப் பக்கம்.